நடையில் நின்ற வண்டி

எங்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் இடமே கிடையாது. வாசற்படி இறங்கினால் தெரு. அதனால் என் கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றி, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நடையில் நிறுத்திவிட்டுப் போனார். வாங்கிச் சில மாதங்கள்தான் ஓட்டியிருந்தார். ஹேண்டில்பாரில் முந்தானை மாட்டாமல் சமையலறைக்குப் போய்வர எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மாமியாருக்குக் கடைசிவரை பழகவில்லை. முட்டிவலிக்காரர். சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வருவார். "இந்தச் சனியன எங்கனா வெளிய தள்ளும்மா" என்பார். மகன் போனில் வந்துவிட்டால், "வண்டி நல்லா இருக்குதுப்பா, நீ கவலப்படாத" என்பார்.

வெளிநாடு கிளம்பி ஜங்ஷனில் ரயிலேறும்போது அவர் என்னிடம் சொன்ன கடைசி விஷயமும் வண்டிதான். "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு. சும்மாவே நின்னா இஞ்சின் போயிடும்."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு செராமிக் யூனிட்டில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். கப்பு, ஜாடிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போது இடுப்பு எனக்குச் சொந்தமானதாக இருக்காது. அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுகை முடித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து வீடியோ காலில் வருவார். டீக்கு அடுப்பில் தண்ணீர்கூட வைத்திருக்க மாட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுனியா?"

"இப்பதாங்க உள்ளயே வரேன்."

"சரி, போன அந்த அலமாரி மேல சாச்சி வை. நான் பாக்கறேன்."

சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டியை ஏறி மிதிக்கும் உயரம் எனக்கு இல்லை. துணி துவைக்கும்போது உட்காரும் பலகையைப் போட்டு, அதன்மேல் நின்று உதைப்பேன். ஒருநாள் கிக்கர் திருப்பி அடித்ததில் கால் எலும்பு வீங்கிப் போயிற்று. அவர் அங்கிருந்து, "ஐயோ, பாத்துப் பண்ணக் கூடாதா?" என்றார். கொஞ்சம் விட்டு, "சோக்கப் போட்டியா?" என்றார். வண்டி கிளம்பினால் வீடு முழுக்கப் புகை. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். வெளிநாட்டில் தன் அறையில் கட்டிலில் படுத்தபடி என் கணவர் அந்தச் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் அவருக்கு ஆகாது. "ஆம்பள இல்லாத வூடுன்னு தெரிஞ்சா நல்ல சாமான கழட்டிக்கினு பழச மாட்டிடுவானுங்க" என்பார். யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் ரூமில் நாலைந்து பேர் தங்கியிருந்தார்கள். டூட்டி முடிந்து வந்தால், வண்டி ரிப்பேர் செய்யும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்ப்பார். பார்த்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை என் கையால் செய்து பார்ப்பார்.

அப்படித்தான் ஆயில் மாற்றும் நாள் வந்தது. ஸ்பேனரும் ஆயில் டப்பாவும் மங்கலம்பேட்டையிலிருந்து அவர் தம்பி வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்து, வண்டிமேல் குனிந்து, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இஞ்சினுக்கு அடியில் விட்டேன். சப்பாத்தி மாவு பிசையும் பேசினைக் கீழே வைத்திருந்தேன்.

"அந்த போல்ட்ட இடது பக்கமா சுத்து."

"சுத்த முடியலங்க, இறுக்கமா இருக்குது."

"பலமா சுத்து. நாளெல்லாம் பொட்டி தூக்கற, இது முடியலயா?"

அந்தப் பேச்சில் கோபம் வந்தது. போனைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு திருகினேன். கடக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு போல்ட் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது. அவர் பார்த்த வீடியோவில் போல்ட்டை அடியிலிருந்து காட்டியிருந்தார்கள். நான் மேலிருந்து கைவிட்டுச் சுற்றினேன். அவருடைய இடது எனக்கு வலது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கழற்ற வேண்டியதை இறுக்கி, மரையை அறுத்துவிட்டிருந்தேன்.

போல்ட்டை ஆட்டி ஆட்டி இழுத்ததும் சூடான ஆயில் என் கைவழியாக இறங்கி, பேசினுக்கு வெளியே விழுந்து, நடை நீளத்துக்கும் ஓடியது. மாமியார், "அல்லாவே, என்னா கருப்பா வருது!" என்று எழுந்து வரப் பார்த்தார். "மாமி, வராதீங்க, வழுக்கும்" என்று கத்தினேன். போன் ஆயிலில் கிடந்தபடி, "என்னாச்சு? காட்டு. என்னாச்சுன்னு காட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பிளம்பர்கள் குழாயில் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிப் போல்ட்டை எப்படியோ திணித்தேன். புது ஆயில் ஊற்றியதும் சொட்ட ஆரம்பித்தது. யூனிட்டில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கீழே வைத்தேன். மரத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்து முடிக்கும்போது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"உனக்கு அந்த வண்டி மேல அக்கறயே இல்ல" என்றார்.

"ஆமாங்க, இல்ல" என்று போனை வைத்துவிட்டேன்.

சில நாட்கள் அவரிடமிருந்து போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல வந்து, "செயினுக்கு எண்ண போட்டியா?" என்றார். நான் போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒருவழியாக லீவில் வந்தார். பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் ஸ்பேனர் செட்டு, ஸ்க்ரூ டிரைவர், இன்னும் பெயர் தெரியாத இரும்புச் சாமான்கள். வந்த மறுநாளே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிட்டார். போல்ட் சொட்டுவதை விட்டுவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றினார். "மொதல்ல இதுதான் க்ளீன் பண்ணணும்." பேப்பர் விரித்து ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு ஸ்க்ரூவைத் திருகும்போது அதிலிருந்த சின்ன ஸ்பிரிங் துள்ளிப் போயிற்று.

இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். மாமியார் கட்டிலில் இருந்தபடியே, "அந்த மூலைல பாருங்க" என்றார். அரிசி டின்னை நகர்த்தினோம். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைப் பிரித்து, அதன் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டார். "இது போதும்" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி அவர் உதைத்ததும் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கிளம்பியது மட்டுமல்ல, அலற ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்தும் நிற்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. மாமியார் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கே ஓடிவந்து, "பாய், சாவிய ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திய பிறகுதான் அவருக்குச் சாவியின் ஞாபகம் வந்தது.

புகை அடங்கியபோது அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் அவர் கைலியில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் டேங்குக்கு அடியிலிருந்த பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலையில் இவ்வளவு நரை இருப்பது போனில் தெரிந்ததில்லை.

"அங்க படுத்துக்கினு பாக்கும்போது ஈஸியாதான் இருந்துச்சு" என்றார்.

இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன். "இந்த வண்டிக்காக ஏங்க என்னெப் போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க?"

அவர் கழிவுத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"கேஸு தீந்தா நீதான் போற. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் நீதான். கரண்டு போச்சுன்னாலும் நீதான். எல்லாத்தயும் முடிச்சிட்டு எனக்குச் சொல்ற. நான் சரி, சரின்னு கேட்டுக்கறேன். இது ஒண்ணுலதான் நான் சொல்லி நீ செய்யற மாதிரி இருந்துச்சு. நானும் வூட்டுல ஏதோ வேல பாக்கற மாதிரி."

கோபம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. எழுந்துபோய் டீ போட்டேன். குடித்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி தரையைத் தேய்த்தோம். அவரும் தேய்த்தார்.

மறுநாள் வண்டியை ஒரு குட்டி யானை வேனில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்பினோம். நாளைக்கு, நாளன்னைக்கு என்று மெக்கானிக் இழுத்தார். எங்கிருந்தோ சாமான் வரவேண்டும் என்றார். அந்த லீவு முழுக்க நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். மங்கலம்பேட்டையில் அவர் தம்பி வீட்டுக்கும், திட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்கும். வண்டி வீடு திரும்புவதற்குள் என் கணவர் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வந்த வண்டி நன்றாகத்தான் ஓடியது. "தம்பிகிட்ட குடுத்துடு. அவன் ஓட்டிக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். தம்பி வந்து ஓட்டிக்கொண்டு போனார். நடையைக் கழுவி விட்டேன். ஆயில் கறை மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. மாமியார் அன்றைக்குச் சமையலறைவரை நேராக நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போல் வந்தார். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். நீங்க என்றேன். ஆச்சு என்றார். யூனிட்டில் வேலை எப்படி என்றார். அப்படியேதான் என்றேன். பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று அவர் திரையைத் தட்டிப் பார்த்தார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். சீக்கிரமே வைத்துவிட்டோம்.

மூன்றாவது வாரம் பேச்சு முடியும் நேரத்தில், பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்னா அது, கர்ருன்னு சத்தம் வருது?"

"பத்து நாளா அப்பிடித்தான் இருக்குது. ஆளச் சொல்லியிருக்கேன்."

"ஆளு எதுக்கு? அது பேரிங்கா இருக்கும். போன எடுத்துட்டுப் போயி கிட்டத்துல காட்டு."

அன்றைக்கு லாரி லோடு ஏற்றும் நாள். காலையிலிருந்து ஒரு நிமிடம் உட்காரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.