கடலுக்குப் போன ஐந்தாவது கொடி

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். அதன் பிறகு லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், குழாய் பதிக்கும் கூலி என்று ஏழெட்டு ஊர்களில் இருந்துவிட்டு, நாற்பது வயது தாண்டி கோட்டுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். எந்த ஊரிலும் என்னிடம் யாரும் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. கொடுக்கிற அளவுக்கு நான் தங்கியதும் இல்லை.

இங்கே ஒரு விளையாட்டு ஆசிரியர் ஓரியண்டியரிங் போட்டி நடத்திவந்தார். வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து அனுப்புவார்கள். ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகள் இருக்கும். வரிசைப்படி ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, அதோடு தொங்கும் துளைப்பானால் அட்டையில் துளை போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். நான் கால் போன போக்கில் சுற்றுவதைப் பார்த்த ஆசிரியர், இந்தத் தடவை பாதையை என்னையே போடச் சொன்னார். சொதப்பினால் திட்ட மாட்டார். ஆனால் இன்னொரு முறை கேட்கவும் மாட்டார். அது எனக்குத் தெரியும்.

பத்து நாள் வரப்புகளிலும் சவுக்குத் தோப்புகளிலும் நடந்தேன். கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைக்குப் போனபோது காலை பத்து மணி. படகுகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. மறுநாளும் அதே நேரம் போனேன், அப்படியே கிடந்தன. தெற்குக் கடைசியில் நீலப் படகு ஒன்று. வெறும் மணலில் வேறு அடையாளம் இல்லாததால் ஐந்தாவது கொடிக்கு அதையே குறித்தேன். போட்டிக்கு முந்தின சாயங்காலம் அதன் மூக்கில் கொடியைக் கட்டிவிட்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை.

போட்டியன்று திரும்பி வந்த ஒவ்வொருவரும் ஐந்தாவது கொடியைக் காணோம் என்றார்கள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் ஒருவர் மட்டும் திரும்பவே இல்லை. கணவர் துபாயில். அவர் தனியாக ஓடும் முதல் போட்டி அது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு மிதித்தேன்.

கரையில் ஒரு படகும் இல்லை. வலைக் கொட்டகை நிழலில், மீன் வாங்கக் காத்திருந்த பெண்களோடு உட்கார்ந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“கொடி கடலுக்குப் போயிருக்குண்ணே. பத்தரைக்கு வந்துடுமாம். இருந்து துளை போட்டுட்டு வர்றேன்.”

அந்தப் பெண்களில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படகு கரையிலயே கெடந்தா நாங்க எதத் திங்கிறதுங்க?”

நான் பார்த்த இரண்டு நாளும் ஊரில் ஒரு சாவு. அதனால் யாரும் கடலுக்குப் போகவில்லை என்று அவரே சொன்னார். மற்ற நாளில் விடியும் முன்பே படகுகள் போய்விடும். இரண்டு நாளும் அந்தச் சாவு வீட்டுத் தெரு வழியாகத்தான் நடந்திருக்கிறேன். பந்தல் கண்ணில் பட்டது; என்னவென்று கேட்கவில்லை.

நீலப் படகு வந்தது. மூக்கில் கொடி நனைந்து தொங்கியது. படகுக்காரர் இறங்கியதும் என்னிடம், “சர்க்காரு கட்டுனதோன்னு பயந்து அவுக்கலைங்க. இன்னைக்கு நல்ல மீனு. நாளைக்கும் கட்டுறீங்களா?” என்றார். நர்ஸ் முழங்கால் தண்ணீரில் போய்த் துளை போட்டுக்கொண்டு ஆறாவது கொடிக்கு ஓடினார்.

நான் திரும்பி வந்து எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஆசிரியர் ஐந்தாவது கொடியைக் கணக்கில் சேர்க்காமல் முடிவை அறிவித்தார். காத்திருந்த நேரத்தால் நர்ஸுக்குக் கடைசி இடம். எல்லாத் துளையும் தன் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது என்று அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஆசிரியர் என்னிடம், “நகராததுலதான் கட்டணும்னு நானும் சொல்லலையேங்க,” என்றார். பிறகு சுருட்டி வைத்திருந்த அடுத்த வரைபடத்தை நீட்டினார்.

அதில் பென்சிலால் புள்ளிகள் வைத்துக்கொண்டு முதலில் வலைக் கொட்டகைக்குத்தான் போனேன். அந்தப் பெண்களிடம் ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லி, சரிவருமா என்று கேட்டேன். தோப்பு ஓரத்து மணல்மேட்டை மட்டும் வேண்டாம் என்றார்கள். இந்த மழைக்கு அது கரைந்துவிடுமாம். அங்கேயே உட்கார்ந்து அதை அழித்தேன். எனக்கும் ஒரு டீ கொடுத்தார்கள்.