முதல் வாய் மாத்ருபூதம்

“சுமாரான சோத்துல ரெண்டாவது வாய் வச்சவன் இல்லீங்க நான். அறுபத்து மூணு வயசாச்சு. வச்சான்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்” என்றபடியே ரவா தோசையை நகத்தால் தட்டி, காதைத் தாழ்த்திக் கேட்டார் மாத்ருபூதம். ‘டிக்’ என்றது. தலையை ஆட்டினார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு தோசைக்கு உத்தரவு கிடைத்த விதம் இது.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, விரிசலைக் காதாலேயே கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற அன்று சுத்தியலை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து திருச்சியின் வடைகளுக்கும் முறுகல்களுக்கும் நிம்மதி இல்லை.

கொள்கைகள் உண்டு. நூறு ரூபாய்க்கு மேல் போனால் அது சாப்பாடு இல்லை, “ரூம் வாடகை”. மெனு கார்டு நீட்டும் கடையில் உட்கார மாட்டார். “என்ன இருக்குன்னு வாயால சொல்லத் தெரியாதவன் என்னத்த சமைச்சிருக்கப் போறான்?” காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள் எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று வெங்காய மண்டி வாசலில் அரை மணி நேரம் உளவு பார்த்துவிட்டுத்தான் புரோட்டாவுக்கு நுழைவார்.

“வீட்டுச் சாப்பாடும் இந்த ரெண்டாவது வாய் ரூல்ல வருமா சார்?” என்று ஒருமுறை ஸ்டீபன்ராஜ் கேட்டான். எங்கள் கூட்டத்தில் இளையவன், வாய் நீளம்.

“அது வேற டிபார்ட்மெண்ட்டுப்பா.”

இவரை நம்பி வாட்ஸப்பில் நானூறு பேர். ஞாயிறு மதியம் ஏழெட்டுப் பேர் பின்னாலேயே போவோம். அவர் முதல் வாய் வைத்துத் தலையாட்டும்வரை நாங்கள் இலையைத் தொடக்கூடாது. அவர் எழுந்தால் எல்லோரும் எழவேண்டும். தில்லைநகரில் ஒரு புதுக்கடையில் அப்படித்தான் ஒன்பது பேரும் எழுந்தோம். அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

போன ஞாயிறு உறையூர். பானு என்ற பெண் வீட்டு முன்னறையில் மூன்று மேஜை போட்டு மெஸ் ஆரம்பித்து இரண்டு மாதம். ஒரு மேஜைக்குத்தான் ஆள் வருகிறது. இந்த மாதத்தோடு மூடிவிடலாமா என்ற யோசனையில் இருந்தவளுக்கு, யார் வரப்போகிறார் என்று காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டான் ஸ்டீபன்ராஜ். நல்ல எண்ணம்தான்.

“நீங்க வரீங்கன்னதும் கையும் ஓடல, காலும் ஓடலண்ணே” என்று வத்தக்குழம்பை ஊற்றினாள்.

மாத்ருபூதம் பிசைந்தார். முதல் வாய் வைத்தார். தாடை நின்றது.

விதியை மீறி நான் விரல் நுனியால் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தேன். பதற்றத்தில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறாள்.

எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். ஸ்டீபன்ராஜ் மேஜைக்கடியில் காலால் செருப்பைத் தேடினான். பானு கரண்டியும் கையுமாக நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இலைமேல் நின்றுபோன கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிண்ணே இருக்கு?”

“சாப்பிடறப்ப பேசற பழக்கம் இல்லம்மா” என்றார், தோசையிடமே பேச்சுக் கொடுக்கிற மனிதர்.

ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவது வாய் உள்ளே போயிற்று. மூன்றாவதும் போயிற்று. ஸ்டீபன்ராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

“இலையப் பாத்து சாப்பிடுப்பா.”

எட்டுப் பேரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தோம். மாத்ருபூதம் மிச்சச் சோற்றின் நடுவே நிதானமாக ஒரு குழி பறித்தார். பிறகு பானுவை நிமிர்ந்து பார்த்து, குழம்பு ஊற்றும்படி அந்தக் குழியை விரலால் காட்டினார்.