கட்டுமரத்தில் கட்டியிருந்த குடம்

ஆட்சி மாறிய புதிது. கூலித் தகராறு முற்றி, பண்ணை வீட்டுப் பிள்ளையான என்னால் ரோட்டில் தலைகாட்ட முடியவில்லை. பூம்புகாரிலிருந்து நாகூருக்குக் கட்டுமரத்தில் கிளம்பினேன். துடுப்பு போட்டவர் மெலிந்த மீனவர். காலடியில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி வைத்திருந்தார். ஆனால் அடிக்கடி கடல்நீரை அள்ளித்தான் வாய் கொப்பளித்துத் துப்பினார்.

காலையில் நான்தான் பெருமையடித்தேன். “போன வருஷம் கூலி கூடக் கேட்டானுங்க. வத்திக் கெடந்த சேரிக் குளத்துக்குக் குடிதண்ணி போற மதகை அடைச்சோம். மூணாம் நாள் கும்பிட்டுக்கிட்டு அறுப்புக்கு வந்துட்டானுங்க.”

அவர் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

வெயில் ஏறியதும் தண்ணீர் கேட்டேன். “பொறுங்க” என்றார். குடத்தை எட்டிப் பிடிக்கப் போனேன். துடுப்பால் கையிலேயே ஒரு போடு போட்டார். ஆளில்லாத கரை நெடுக நான் கெஞ்சக் கெஞ்ச, அதே “பொறுங்க”தான்.

சாயங்காலம் கரையேறியதும் குடத்தை என் கண்ணெதிரே மணலில் கவிழ்த்தார்.

“ஏன்யா இப்படி?”

“அவங்க மூணு நாள் தண்ணியில்லாம கெடந்தாங்களேங்க. உங்களுக்கு ஒரு பகல்தானே?”

திட்ட வாயெடுத்தேன். மணலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டியது நிறைகுடம். பகல் முழுக்கத் துடுப்பு போட்ட அந்த மனிதரும் ஒரு வாய் குடித்திருக்கவில்லை.