மூன்று நிமிட அமைதி வேண்டும்

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் கணவரை அலுமாரிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.

பயப்படாதீர்கள். சண்டை இல்லை — ரெக்கோர்டிங்.

சேலைகள் தொங்குகிற அலுமாரிக்குள் நின்று பாடினால் எதிரொலி வராது என்று இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். அவர் ஒல்லி. அவருடைய அலுமாரி எங்கள் குசினியை விடப் பெரிது. என் கணவர் செல்வராஜ் கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். உட்கார்ந்தே பழகிய உடம்பு. எங்கள் அலுமாரியோ கல்யாணத்துக்கு வந்தது. இரண்டு நிமிடத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சுமதி... பாட்டு வரல்ல. மூச்சும் வரல்ல. பூச்சி உருண்டை வாசம் மட்டும் நல்லா வருது."

கதவைத் திறந்தேன். வியர்வையில் நனைந்து, தோளில் என் பட்டுச் சேலை ஒன்றோடு இறங்கினார்.

ஏன் இந்தக் கூத்து?

பகலில் ஆபீஸ் கிளார்க், மற்ற நேரத்தில் கிட்டார்க்காரி என்று என்னை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். வீட்டில் சின்னதாய் ஒரு ஸ்டூடியோ வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "செஞ்சா யாரு கேக்கப் போறா?" என்பார் இவர். அதோடு பேச்சு முடியும்.

அப்புறம் இவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

"பெரிசா பயப்பட ஒண்ணுமில்ல. எடுத்துடலாம்" என்றார் டொக்டர். "ஆனா குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்துலயே ஓடுது. எவ்வளவு கவனமா செஞ்சாலும் சில பேருக்குக் குரல் மாறும். முன்கூட்டியே சொல்லிடணும்ல."

வீட்டுக்கு வரும்போது, ஆட்டோவில் இவர் ஜோக் அடித்தார்.

"இனிமே கைய காட்டித்தான் சேல விக்கணும் போல."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

இவர் பாடகர் இல்லை. எந்த மேடையிலும் பேர் வாங்கியதில்லை. ஆனால் இவருக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் தெல்தெனியவில் ஒரு கடையில் வேலை செய்தபோது எழுதியது. "தெல்தெனிய பஸ்ஸே, கொஞ்சம் மெல்லப் போ" என்று தொடங்கும். அந்த பஸ்ஸில் தினமும் போய் வந்தவள் நான். கோயில் திருவிழா மேடையில் நான் கிட்டார் வாசிக்க, இவர் என்னைப் பார்க்காமலே அதைப் பாடி முடித்தார். மற்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை வீட்டில், எத்தனை விசேஷத்தில் பாடியிருப்பார்! ஒரு தடவைகூட யாரும் பதிவு செய்யவில்லை. போனில் எடுத்திருக்கலாமே என்பீர்கள். பக்கத்திலேயே இருக்கிற குரலை யார் எடுத்து வைக்கிறார்கள்? தூரத்தில் இருப்பவர்களைத்தானே நாம் படம் பிடிக்கிறோம்?

அன்றைக்கே சாமான்களுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு மைக். ஒரு ஹெட்போன். மைக்கையும் கிட்டாரையும் லெப்டொப்போடு சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்று. வந்து சேர்ந்தன. மாட்டினேன்.

சத்தமே இல்லை.

இரண்டு நாள்! மைக்கைத் தட்டினேன், ஊதினேன், கெஞ்சினேன். வயரை மாற்றினேன். லெப்டொப்பை மூடித் திறந்தேன். விற்ற கடைக்கு போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஸ், பெட்டியில நாப்பத்தெட்டுன்னு ஒரு பட்டன் இருக்கா? அத அமத்துனீங்களா?" என்றாள்.

அந்த மைக்குக்குத் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் அந்தப் பொத்தானாம். அமத்தினேன். உயிர் வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்காமலே போனை வைத்தேன் — இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

மைக்கோடு சேர்ந்து இன்னொன்றுக்கும் உயிர் வந்தது. உம்ம்ம்... என்று ஓர் இரைச்சல். யாரும் பாடாவிட்டாலும் அது பாடியது. கிட்டாரைத் தொட்டால் நிற்கும். கையை எடுத்தால் தொடங்கும்.

மடவளையிலிருந்து ரம்ஸீன் நானாவைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவுக்கே வயரிங் வேலை பார்ப்பவர். சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றினார், உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார், என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, ஓங்கட ஊட்டுல எர்த்தே இல்ல. இந்த மூணாவது ஓட்ட சும்மா அழகுக்கு ஈக்கிது."

"பதினெட்டு வருஷமா இந்த வீட்டுல இருக்கோம் நானா!"

"அல்லாட காவல்" என்றார். "அதத் தவிர வேற ஒண்ணும் ஓங்களக் காப்பாத்தல்ல."

கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போக, முற்றத்தில் ஒரு செப்புக் கம்பியை அடித்து இறக்கி, வயர் இழுத்துக் கொடுத்தார். இரைச்சல் போனது. ஸ்டூடியோ வைக்கப் போய் வீட்டுக்கு எர்த் வந்தது. அது மட்டும்தான் அந்த மூன்று வாரத்தில் நடந்த நல்ல காரியம் என்று அன்று நினைத்தேன்.

அடுத்தது எதிரொலி. அலுமாரிக் கதை தெரியும். அது தோற்றதும் இவரே கடையிலிருந்து விற்காமல் கிடந்த வெல்வெட் திரைத் துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, பின் அறையில் நாலு சுவரிலும் தொங்கவிட்டார். துணியில் ஆணி அடிக்க என்னை விடவில்லை.

"மெதுவா, மெதுவா... விக்கிற துணி."

"இத்தன வருஷமா விக்காத துணி."

"யாராவது வருவாங்க, சுமதி."

பாருங்கள், இப்படிப்பட்ட நம்பிக்கை உள்ள ஆளோடுதான் என் வாழ்க்கை. அறை அடுப்பாகக் கொதித்தது. மின்விசிறி போட முடியாது, மைக் அதையும் கேட்கும். ஹெட்போனை மாட்டிவிட்டுப் பாடச் சொன்னேன். ஒரு வரி பாடினார். நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பின்னால ஒருத்தன் பாடுறான்."

"அது நீங்கதான். லெப்டொப் கொஞ்சம் தாமதமாத் திருப்பித் தருது."

"என் பாட்ட எனக்கே லேட்டாவா?"

அதற்கும் பெட்டியிலேயே ஒரு திருகு இருந்தது. கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு நாள் போனது.

கடைசியில் எல்லாம் சரியானபோதுதான் தெரிந்தது, கண்டியில் மூன்று நிமிட அமைதி கிடையாது என்று. ஒரு நாள் முழுக்க மழை. எங்கள் கூரை தகரம். மறுநாள் வெயில், ஆனால் அதே தகரத்தில் குரங்குக் குடும்பம். அதற்கடுத்த நாள் கரண்ட் இல்லை. நடுநடுவே கட்டுகஸ்தோட்டை ரோட்டு பஸ்களின் ஹோர்ன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "மூணே மூணு நிமிஷம் குக்கரப் போடாதீங்க" என்று கேட்டேன். "பருப்பு வேகணுமே" என்றார். நியாயம்தானே? யாரிடம் கோபிப்பது?

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்ற நாளும் வந்தது. நான் லீவு போட்டேன். இவர் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்தார். எங்கள் கல்யாண நாளுக்குக்கூடச் சாத்தாத கடை.

முதல் தடவை பஸ். இரண்டாவது தடவை இருமல். மூன்றாவது தடவை வரி மறந்தது. நாலாவது தடவை எந்தத் தடங்கலும் இல்லை. போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. ஆனால் பாட்டில் இவர் இல்லை. வரிசையில் நின்று பேர் சொல்கிற மாதிரிப் பாடியிருந்தார்.

"இன்னொண்ணு" என்றேன்.

"போதும் சுமதி. தொண்ட வலிக்குது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு இப்படி அலையுற? குரல் போனா போகட்டும். பேசாமலா இருந்துடப் போறோம்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"ஒங்களுக்குப் போனா போகட்டும்! எனக்கு வேணும்!"

பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கதிரையை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"வாசி" என்றார்.

வாசித்தேன். இந்தத் தடவை என்னைப் பார்த்தே பாடினார். இரண்டாவது சரணத்தில், வழக்கம்போலப் பாண் விற்கிற ஆட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தது. நான் நிறுத்தவில்லை. இவரும் நிறுத்தவில்லை. வீட்டைத் தாண்டிப் பாண் போனது, பாட்டும் போனது. ஓரிடத்தில் என் விரல் தவறியது. கண் சரியாகத் தெரியாதபோது எல்லாருக்கும் தவறும்.

அதுதான் இப்போது எங்களிடம் இருக்கிற ரெக்கோர்டிங்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் டொக்டர் சொன்னதும் நடந்தது. முதல் இரண்டு வாரம் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அப்புறம் மெல்ல வந்தது — கரகரவென்று, இவருக்கு ஓர் அண்ணன் இருந்து அவர் பேசுவது போல. மேல் சுரங்கள் போய்விட்டன. வரலாம், வராமலும் போகலாமாம்.

இவ்வளவு நாளும் அந்த ரெக்கோர்டிங்கை நான் போட்டுக் காட்டவில்லை. பயம்தான். பழைய குரலை இவர் எப்படிக் கேட்பார்? போன வாரம் இவராகவே கேட்டார்.

"அதப் போடு பாப்போம்."

ஹெட்போனை மாட்டிவிட்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரகரத்த புதுக் குரலில் இவர் சொன்னார்:

"நல்லா இருக்கு. ஆனா... கிட்டார் சத்தம் கொஞ்சம் கூடிப் போச்சு."

கூடிப் போச்சாம்! எர்த் இல்லாத வீட்டில், குரங்குக்கும் குக்கருக்கும் நடுவில், நான் பட்ட பாட்டுக்கு இதுதான் விமர்சனம். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டார்:

"ரெண்டு கட்ட இறக்கி, இந்தக் குரல்லயும் ஒண்ணு எடுப்போமா?"

எடுக்கப் போகிறோம். ஆனால் கிட்டார் சத்தத்தைக் குறைக்க மாட்டேன்.