காலியாகக் கிடந்த சேறு

நாற்றங்கால் வேலையை விட்டுப் பல வருஷமாகியும், மகள் வீட்டு மாடியில் தொட்டியைக் கண்டால் நாற்றுக்காரம்மாவின் விரல் தானாக மண்ணுக்குள் போய்விடும். ஈரம் பார்க்கிற பழக்கம். நீ வேலையை விட்டாலும் வேலை உன்னை விடாது என்று மகள் கேலி செய்வாள்.

தான் வேலை பார்த்த ஆற்று முகத்துவாரத்து ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி ஆரம்பித்தால் அம்மாவுக்கு வாய் ஓயாது. அங்கே ஒரே அறையில் இரண்டு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூட்டம் தங்கும். ஒன்றை ஒன்று கண்டதில்லை. மழைக்கு முன்னால் மரக்கூட்டம், காற்றில் கூடிப்போன கரியமிலவாயுவை இழுத்துச் சேற்றில் பூட்டிவைக்க அலையாத்தி மரம் நட வரும். குளிர்காலத்தில் பறவைக்கூட்டம், கடல் தாண்டி வரும் உள்ளான் பறவைகளின் பின்னாலேயே வரும். பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் வேளை மாற்றிச் சமைப்பதுபோல என்பாள் அம்மா.

எங்கே நடலாம் என்று மரக்காரர்கள் கேட்டபோது, நீர் வடிந்ததும் வடகரையில் தெரிகிற சேற்றுவெளியைக் காட்டியது அவள்தான். ஒரு புல் கிடையாது, காலியாகத்தானே கிடக்கிறது என்றாள். விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை முழங்கால் சேற்றில் நின்று நட்டாள். சில மழைக்காலத்துக்குள் தோளுயரம் வந்துவிட்டன. நீ பிறந்தபோதுகூட அவ்வளவு பெருமைப்படவில்லை என்று மகளிடமே சொல்லுவாள்.

பிறகு பல நாடுகள் சேர்ந்து, பருவநிலையையும் உயிரினங்களையும் ஒன்றாகப் பார்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கின. இரண்டு கூட்டமும் முதன்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தன. படித்தவர்கள் கூடினால் சாப்பாடு ஆறத்தானே செய்யும்? உள்ளான்கள் ஏன் குறைந்தன என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த பறவைக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. அவை புழு பொறுக்கும் இடமே அந்தச் சேறுதான். மரம் மறைத்த இடத்தில் அவை இறங்காது. மரங்களும் வேண்டும், ஆனால் பழைய காடு அழிந்துபோன தென்கரையில் வேண்டும். வடகரைக் கன்றுகளைப் பிடுங்குவது என்று முடிவாயிற்று. அம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை.

கடைசியில் அவள் புருஷன், நிலையத்துப் படகுக்காரர், மென்று விழுங்கிச் சொன்னார். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள், நீ அந்தப் பக்கமே வராதே என்றார்.

"வேண்டாம். நான்தானே வச்சேன், நானே எடுக்கறேன். வேத்தாள் கை படக்கூடாது."

இடம் மாற்றினால் பிழைக்கிற வயதை அவை தாண்டியிருந்தன. அழுதுகொண்டேதான் பிடுங்கினாள்.

அடுத்த குளிர்காலத்தில் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக வந்து வடகரையில் இறங்கின. பறவைக்காரர் ஒருவர் தன் தொலைநோக்கியை அவளிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குதுங்க. கொஞ்ச நாள் போகட்டும். எனக்கும் பிடிச்சிடும்."