வீரையா காவல் காத்த ஊருணி

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் என்றால் ஒரே ஒரு ஊருணிதான். எங்கே கிணறு தோண்டினாலும் உப்பு. அதனால் ஊருணிக்கு ஊர்ச்சம்பளத்தில் ஒரு காவல்காரர் இருந்தார், வீரையா. எவன் செருப்புக்காலோடு கரை ஏறினாலும், "ஏலே, கழட்டுலே! குடிக்கிற தண்ணின்னு தெரியல?" என்று கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார். சொந்த மருமகனையே விரட்டியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஊருணி முழுக்கப் பாசி மூடிவிட்டது. வயல் களைக்குப் புது மருந்து விற்கப் பரமக்குடியிலிருந்து வந்த ராமசுப்பிரமணியன், இது பாசியையும் கருக்கிவிடும், இனாமாகவே அடித்துத் தருகிறேன் என்றார். இனாம் என்றால் எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. டின்னில் மண்டையோடு போட்டிருந்தது. தீப்பெட்டியில் புலி போட்டிருந்தால் உள்ளே புலியா இருக்கிறது என்று கேட்டவர்கள் நாங்கள்.

வீரையா அவரை மேலும் கீழும் பார்த்தார். யாரும் சொல்லாமலே அந்த மனிதர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீரில் கால் படாமல் கரையைச் சுற்றி நின்றே அடித்தார். "படிச்சவுக படிச்சவுகதான்" என்று வீரையா பூரித்துப் போனார். டின் காலியானது.

சில நாளில் பாசி கருகி அடியில் போய்விட்டது. தேற்றாங்கொட்டை உரைக்காமலே அப்படித் தெளிந்த தண்ணீரை நாங்கள் பார்த்ததில்லை. மீன்கள் மிதந்தன. வெயில் என்றோம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சண்முகவள்ளிக்கு முதல் குடத்தை வீரையாவே சுமந்து போனார்.

அப்புறம் ஊரே வாந்தி எடுத்தது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார் கம்பவுண்டர். கொதிக்க வைத்தோம். விஷம் சூடாக இறங்கியது. வாந்தி எடுக்கும் மகளுக்கு வீரையா அதையே ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். எட்டாம் மாதமே பிள்ளை பிறந்தது. அழவில்லை. சண்முகவள்ளிக்கு உள்ளங்கால் மரத்துப்போய், வெகுநாள் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி எங்கள் மேலேயே.

பிறகு பக்கத்து ஊரிலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது. ஊருணியில் யாரும் குடம் வைப்பதில்லை. வீரையா மட்டும் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ராமநாதபுரத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். ஊர் வழக்கம் தெரிந்தவர்போல, கரைக்குக் கீழேயே நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"அது கெடக்கட்டும் சார்" என்றார் வீரையா. "கையில என்ன?"

"காலி பாட்டில். தண்ணி எடுத்துச் சோதிக்கணும்."

"கவுத்திக் காட்டுங்க."

அதிகாரி கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. வீரையா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் கம்பை விலக்கினார். அதிகாரி பூட்ஸ் காலோடு கரை ஏறினார்.