மார்க் லிஸ்ட்டில் எண்ணெய்க் கறை

கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் ஈசாக் வீட்டுக்குள் நுழையமாட்டார். நேராகக் கிணற்றடிக்குப் போவார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். முதலில் வெறும் தண்ணீர். அடுத்தது துணி சோப்பு, முழங்கை வரை. பிறகு பாதி எலுமிச்சம்பழம். ஒவ்வொரு விரல்நுனியையும் அதற்குள் குத்தித் திருகி, நகத்தடியில் சாறு ஏறி எரிகிறதா என்று பார்ப்பார். கடைசியில் மனைவி விமலகுமாரி தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து வைத்திருக்கும் காப்பிச் சக்கை. எல்லாம் கழுவி முடிந்த பிறகுதான் அந்தக் காரியம் நடக்கும். வலது கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மோந்து பார்ப்பார். கண்கள் மூடியிருக்கும். சுட்டுவிரல் வரும்போது முகம் சுளிக்கும். மறுபடியும் எலுமிச்சை.

ஜீனா அடுக்களை ஜன்னல் வழியாக இதைப் பார்த்தே வளர்ந்தவள். சின்ன வயதில் அது ஒரு விளையாட்டுபோல இருந்தது. கொஞ்சம் வளர்ந்தபோது பாவமாக இருந்தது. பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு குமட்டியது. கோழி அறுப்பதை நினைத்து வந்த குமட்டல் அல்ல அது. ஒரு மனுஷன் நாள் தவறாமல் தன்னையே மோந்து பார்த்துத் தன்னையே வெறுக்கிறதைக் கண்டு வந்தது.

பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து கேரள எல்லையைத் தாண்டிக் கோழி வண்டிகள் வரும் ரோட்டில் இருக்கிறது கடை. பெயர் ‘ஜீனா சிக்கன் சென்டர்’. அவள் பிறந்த வருஷம் திறந்ததால் அந்தப் பெயர். போர்டில் ஒரு சேவல் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் ஜீனா என்று கூப்பிட்டதில்லை. “சிக்கன் சென்டர் வந்நோ?” என்று மலையாளத்தில் கேட்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சையில் இங்கிலீஷ் என்று மூன்று மொழிகள் அவளுக்குத் தெரியும். மூன்றிலும் அந்தப் போர்டு ஒரேபோலத்தான் நாறியது.

பிளஸ் டூ ரிசல்ட்டில் பயாலஜிக்கு நல்ல மார்க். பிசிக்சும் கெமிஸ்ட்ரியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஈசாக் ஆசைப்பட்ட நர்சிங் சீட்டுக்கு இங்கே மூன்று பாடத்து மார்க்கையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கூட்டினால் ஒன்றும் தேறாது. ஜூன் மழை தொடங்கிய வாரம் பல்கலைக்கழக அலாட்மென்ட் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. ஸுவாலஜி. மாசக் கடைசி வியாழக்கிழமைக்குள் ஒறிஜினல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“ஸுவாலஜியா?” ஈசாக் ஈரக் கையை உடம்பில் படாமல் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டார். “அதுல என்ன செய்வா?”

“உயிரினங்களெப் பத்தி படிக்கணும்.”

“படிக்கதுன்னா? அறுக்கதா?”

“அறுக்கதும் உண்டு.”

ஈசாக் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. “கேட்டியா விமலா? மூணு வருஷம் காலேஜுல இருந்து தவளை அறுக்கப் போறாளாம். எட்டி மக்கா, அறுக்கதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தன் போராதா? நாளைக்கே கடைக்கு வா, படிக்காமலே வேலை தாறேன்.”

“பின்ன நர்சு வேலையில நாத்தமே இல்லியாக்கும்? பீயும் மூத்திரமும் அள்ளணும்” என்றாள் விமலகுமாரி.

“அது வேற நாத்தம்” என்றார் ஈசாக். “அது கழுவினா போவும்.”

ஜீனாவுக்கு ஸுவாலஜி மேல் ஆசை வந்ததும் அந்தக் கடையில்தான். ஏழெட்டு வயதில், சித்தப்பா ரெஜி நாட்டுக்கோழி அறுக்கும்போது அதன் இரைப்பையைக் கீறிப் பார்ப்பாள். உள்ளே சரளைக் கல், சட்டைப் பித்தான், சிவப்பு வளையல் துண்டு. கல்லைத் தின்று அதைக் கொண்டே அரைத்துச் சாப்பிடும் பிராணி! கழுவி எடுத்து ஒரு ஊறுகாய்க் குப்பியில் சேர்த்து வைத்திருந்தாள். ஒருநாள் ஈசாக் அந்தக் குப்பியை மோந்து பார்த்தார். மறுநாள் குப்பி இல்லை.

ஆனாலும் அவள் ஒரேயடியாக ஸுவாலஜி என்று நின்றுவிடவில்லை. பாதி மனது மறுபடி பரீட்சை எழுதத்தான் சொல்லியது. ஒரு வருஷம் பல்லைக் கடித்துப் படித்தால் நர்சிங். நர்சிங் முடித்தால் அயர்லாந்தோ ஜெர்மனியோ. அங்கே அந்தச் சேவல் போர்டு யாருக்கும் தெரியாது. தவளை அறுக்கிற படிப்போ அவளை அந்தக் கடைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஒன்று பிடித்தது, மற்றது தப்பிக்க உதவும். இரண்டுக்கும் நடுவே கிடந்து புரண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காஞ்சிரங்குளத்திலிருந்து மாமா ஜெயதாஸ் வந்தார். விமலகுமாரியின் தம்பி, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா, சபைக் கமிட்டிக்குச் செயலாளர். வெள்ளை வேட்டி. நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். இந்த வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர் குடித்து ஜீனா பார்த்ததில்லை.

“காப்பி எடுக்கட்டா ஜெயா?”

“இப்பதான் குடிச்சேன் அக்கா.”

ஆனால் கோழி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போகும். ரெஜி பையைக் கொண்டுவந்து ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டவேண்டும். ஜெயதாஸ் கையால் தொடமாட்டார். காசும் தரமாட்டார்.

“எலே, ரெண்டு காலும் வச்சிருக்கியா?”

“கோழிக்கு ரெண்டு காலு தான் அண்ணே. உங்களுக்கு வேண்டி நாலு வச்சிருக்கேன்” என்றான் ரெஜி.

ஜெயதாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “அத்தான், ஸுவாலஜி படிச்ச பெண்ணுவ ஒக்க ஜவுளிக்கடையில சேலை மடக்குதுவ. ஒரு வருஷம் போனா போட்டு. நெய்யாற்றின்கரையில ஒரு டுட்டோரியல் உண்டு. மூணு பாடமும் திரும்ப எழுத வைப்பாவ. அங்கேயே ஹாஸ்டல். அந்தச் சாரு எனக்குத் தெரிஞ்ச ஆளாக்கும். இந்த வாரம் போயி அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போவோம். பிள்ளைக்க ஒறிஜினல் எல்லாம் எடுத்து வையுங்க, அங்க ஏல்பிக்கணும்.”

ஒறிஜினலை அங்கே ஒப்படைத்துவிட்டால், இரண்டு நாள் கழித்து வரும் வியாழக்கிழமை கல்லூரிக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் விமலகுமாரி சர்டிபிகேட் பைலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஜீனா தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. டுட்டோரியல் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏறும் படியெல்லாம் ஊறிய செருப்புகள். மாடிச் சுவர் முழுக்கப் படித்துப்போன பெண்களின் போட்டோக்கள். எல்லோர் தலையிலும் ஒரே வெள்ளை நர்சுத் தொப்பி. கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். ஜீனா கிட்டே போய்ப் பார்த்தாள். கழுத்துக்கூட ஒன்றுதான். ஒரே கழுத்தின்மேல் ஐம்பது அறுபது முகங்கள் சிரித்தன.

ஹாஸ்டலைக் காட்ட ஒரு வார்டன் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். தகரக் கூரையின் கீழ் பிளைவுட் அடித்துப் பிரித்த அறைகள். காயாத துணியின் புளிப்பு. குளியலறைச் சுவரில் உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டி வைத்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு உருண்டை. பெஞ்சில் ஒருத்தி இடது கையால் உப்புமா தின்றுகொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். ஈ உப்புமாவிலும் நோட்டிலும் மாறி மாறி உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை.

“எத்தனாவது வருஷம்?” என்று ஜீனா கேட்டது அவளிடம். பதில் சொன்னது வார்டன்: “மூணாமத்தெ. நல்ல குட்டியா.” மூன்றாம் வருஷமாம், நல்ல பிள்ளையாம்.

பிரின்சிபல் அறையில் மேஜைமேல் ஒரு பத்திரிகைத் தாள்; தாளில் பழம்பொரி, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த நேந்திரம்பழம். மனுஷர் தின்றுகொண்டே பேசினார். “இரிக்கூ, இரிக்கூ.” வாயின் ஓரத்தில் மாவுத் துணுக்கு ஒன்று அவர் பேசும்போதெல்லாம் ஏறி இறங்கியது.

ஜெயதாஸ் மலையாளத்துக்கு மாறினார். தன் மச்சான் என்று ஈசாக்கைக் காட்டி, “அளியனா, சாரே. பாறசாலையில் சிக்கன் ஸ்டால்” என்றார்.

பிரின்சிபலின் சிரிப்பு அப்படியே இருந்தது. மெல்லுவது மட்டும் நின்றது. எண்ணெய்க் கையாலேயே மேஜை டிராயரைத் திறந்தார். நீல டப்பா ஒன்றை எடுத்து மின்விசிறியைப் பார்த்து இரண்டு தடவை அடித்தார். முல்லைப்பூ வாசனை. “மழையல்லே, ஆகெ ஒரு ஈர்ப்பம்” என்றார், மழை ஈரத்தின்மேல் பழியைப் போட்டு. ஜெயதாஸ் குலுங்கிச் சிரித்தார்.

ஜீனாவுக்கும் மணந்தது. அந்தப் பொய் முல்லைக்கு அடியில், நனைந்த இறகு, சூடான ரத்தம், கூண்டுத் தட்டின் காரம். அவளுக்குத் தெரிந்த அதே வாடை. ஷாலை மூக்குக்கு இழுத்தாள். நாற்காலியை ஒரு சாண் சுவர்ப் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

நாற்காலி தரையில் கீச்சிட்டது. ஈசாக் திரும்பிப் பார்த்தார். பிறகு மீசையைச் சொறிவதுபோல வலது கையை மேலே கொண்டுபோனார். சுட்டுவிரல் மூக்கின் அடியில் ஒரு நொடி நின்றது. வீட்டில், கிணற்றடியில், மரங்களுக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரிய நடக்கிற காரியம். அதை அவர் இந்த அறையில், இந்த வெளிச்சத்தில், இந்த இரண்டு பேருக்கு முன்னால் செய்தார். முகம் சுளித்தது.



பிரின்சிபல் அதற்குள் பைலைத் திறந்து மார்க் லிஸ்ட்டை வெளியே எடுத்திருந்தார். பயாலஜி மார்க்கின்மேல் கட்டைவிரலை ஊன்றி, “இது கொள்ளாம்” என்று மெச்சினார். விரலைத் தூக்கியபோது தாளில் எண்ணெய் வட்டம், வட்டத்துக்குள் கைரேகை. பிசிக்சிலும் கெமிஸ்ட்ரியிலும் அதேபோல ஊன்றி, “இது ரெண்டும் மோசம்” என்றார். எண்ணெய் ஊறி எண்கள் பின்பக்கம் வரை தெரிந்தன. பிறகு விதிகளைச் சொன்னார். போன் கூடாது. கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வீடு. பிள்ளையைப் பார்க்க அப்பாதான் வரவேண்டும் என்றில்லை, மாமா வந்தாலும் போதும். கடைசி விதியைச் சொல்லும்போது அவர் கை மறுபடியும் நீல டப்பாவின்மேல் இருந்தது.

“அது நான் வந்தோளாம், சாரே” என்றார் ஜெயதாஸ்.

ஈசாக் தலையாட்டினார். அவர் தலையாட்டியதைத்தான் ஜீனாவால் தாங்க முடியவில்லை.

அவள் எழுந்து மார்க் லிஸ்ட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனையில் அந்தக் கட்டைவிரல் இருந்தது.

“சாரே, கை எடுக்கணும்.”

அன்றைக்கு அந்த அறையில் அவள் பேசியது அவ்வளவுதான். பைலை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் ஜெயதாஸ் பின்னாலேயே ஓடி வந்தார்.

“எட்டி, உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு அந்தச் சாருக்க முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? போ, போயி தகப்பனுக்க கூட இருந்து கோழி உரி!”

“உரிக்கேன் மாமா. ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளதெ நீங்க இனி வேற கடையில வாங்குங்க. காசு கொடுத்து.”

“ஜீனா!” என்று பின்னால் இறங்கி வந்த ஈசாக் அதட்டினார். அன்றைக்கு யாரையாவது அவர் அதட்டினார் என்றால் அது அவளைத்தான்.

பஸ்ஸில் இடம் இருந்தும் ஈசாக் உட்காரவில்லை. பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாரல் அடிக்கிற இடத்தில் நின்றே வந்தார். பாறசாலையில் இறங்கிக் குடையை விரித்து அவளிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“நான் வெளிய நிண்ணிருந்தா நீ சரின்னு பறஞ்சிருப்பா. இல்லியா மக்கா?”

“இல்லப்பா.”

அது முழு உண்மை இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சதூரம் நடந்த பிறகு, “காலேஜுக்கு ரெஜி வருவான் கூட. நான் வரல்ல” என்றார். வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கல்லூரி ஆபீசில் கிளார்க் அந்த மார்க் லிஸ்ட்டை இரண்டு விரல் நுனியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதெந்தா?”

“எண்ணெய்” என்றாள் ஜீனா. சேர்த்துக்கொண்டார்கள்.

லேபில் பார்மலின் மணம் வந்ததும் மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவள் பொத்தவில்லை. முதல் தவளையைக் கீறியபோது அவள் கை ஆடவில்லை. டீச்சர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஈசாக் கிணற்றடியில் வழக்கம்போல விரல்களை மோந்து பார்த்தார். அவள் அடுக்களை ஜன்னலைச் சாத்தி வைத்தாள். ஜெயதாஸ் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார், நாற்காலியைத் துடைத்தார், கோழி போனது. ஈசாக்தான் கொடுத்துவிடச் சொன்னாராம்.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பல வருஷத்துக்குப் பிறகு ஜீனா அந்தப் போர்டின் கீழ் போய் நின்று பைகளைக் கட்டிக் கொடுத்தாள். கூட்டம் ஒழிந்த நேரத்தில் ரெஜி கத்தியைத் தீட்டிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னான்:

“இந்தக் கடையில ஒத்தையா நிண்ணு அறுக்கது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல பிள்ளே. ஜூன் மாசம் நீங்க டுட்டோரியலுக்குப் போனீங்கல்லா, அதுக்கு முந்தின வாரம் முழுக்க அண்ணன் கடைக்குள்ளயே ஏறல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடையில போயி இருப்பாரு. வண்டியில வந்த கோழியெக்கூட நானாக்கும் இறக்கினது. பிள்ளையெ சேர்க்கப் போற கையில வாடை இருக்கப்படாதுன்னு பறஞ்சாரு.”

“அந்த வாரமும் வந்து கை கழுவினாரே சித்தப்பா. மோந்து பாத்து முகத்தெ சுளிச்சாரே.”

“அது பழக்கம் இல்லியா. கோழியெ தொடவே இல்ல.”

முல்லை வாசனைக்கு அடியில் அவளுக்கு அந்த வாடை மணந்த அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையும் புதுசு. ஜவுளிக்கடையிலிருந்து வாங்கி, துவைக்காமல், அப்படியே போட்டுக்கொண்டு வந்தது.